விளக்கெண்ணெய், வெற்றிலைக் காம்பு, உரைகல்: கைக்குழந்தை வயிற்றைச் சுற்றி ஒரு வரலாறு

போன மாசம் எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வாரம் முழுக்க ஒரே பேச்சுதான். தங்கையின் இரண்டு மாசக் குழந்தை ஐந்து நாளாக வெளிக்குப் போகவில்லை. பெரிய மாமா "விளக்கெண்ணெய் அரைச் சங்கு" என்று எழுதினார். சித்தி உலர்ந்த திராட்சையை ஊறவைத்துப் பிழிந்த தண்ணீர் என்றாள். கோவில்பட்டியிலிருந்து ஒரு மதினி தொப்புளைச் சுற்றிப் பெருங்காயம் தடவச் சொன்னார். அம்மா எதுவும் டைப் பண்ணவில்லை. நேராகக் கடைக்குப் போய் ஒரு கவுளி வெற்றிலை வாங்கி வந்துவிட்டாள். இலைக்காக இல்லை, காம்புக்காக.

குழந்தை என்னவோ நன்றாகப் பால் குடித்து, சிரித்து, தூங்கிக்கொண்டுதான் இருந்தது. டாக்டரிடம் கொண்டுபோனபோது வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தை ஒரு மாசம் தாண்டினதும் இப்படி நாலைந்து நாள், சில சமயம் ஒரு வாரம்கூடப் போகாம இருக்கும். போகும்போது இளக்கமா போச்சுன்னா அது மலச்சிக்கலே இல்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஏழாம் நாள் அது நடந்தது. பெரிய மாமாவின் மடியில். அதோடு குரூப்பில் வேறு பேச்சு ஆரம்பித்துவிட்டது.

எனக்குத்தான் விடவில்லை. ஒன்றுமே பழுதில்லாத சிஸ்டத்தை ஏழு பேர் சேர்ந்து சரிசெய்யப் பார்ப்பதை ஆபீஸில் நிறைய பார்த்திருக்கிறேன். ஆனால் குழந்தை வயிற்று விஷயத்தில் இந்தப் பதற்றம் எங்கிருந்து வருகிறது, இந்த மருந்தெல்லாம் எப்போது, எந்த வழியில் நம்ம வீட்டு அலமாரிக்கு வந்தது என்று தேட ஆரம்பித்தேன். இன்னொரு காரணமும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதல் மலத்திலிருந்தே தொடங்குவோம். பிறந்த குழந்தை முதல் ஓரிரு நாள் கறுப்பும் பச்சையுமாய்த் தார் மாதிரி போவதற்குத் தமிழில் காட்டுப்பீ என்று பெயர். உலகத்தில் பல ஊர்க்காரர்களுக்கு இதைப் பார்த்தாலே பயம். உள்ளே விஷம் இருக்கிறது, சீக்கிரம் கழுவி வெளியேற்ற வேண்டும் என்று நினைத்தார்கள். நம்மூரில் சேனை வைப்பார்கள். குடும்பத்தில் நல்ல குணமுள்ள ஒருவரைக் கூப்பிட்டுச் சர்க்கரைத் தண்ணியோ தேனோ கழுதைப்பாலோ குழந்தை நாக்கில் வைக்கச் சொல்வது. எனக்குச் சேனை வைத்தது யார் என்பதை வைத்து என் பிடிவாதத்துக்கு இன்றும் விளக்கம் சொல்வார்கள். இது ஏதோ நம்ம கிராமத்துப் பழக்கம் என்று நினைத்திருந்தேன். இரண்டாம் நூற்றாண்டில் ரோமில் வைத்தியம் பார்த்த சொரானஸ் என்ற கிரேக்கர், பெண்கள் மருத்துவம் பற்றிய தன் புத்தகத்தில், பிறந்த குழந்தைக்கு முதலில் கொதிக்கவைத்த தேனைத்தான் கொடுக்கச் சொல்கிறார். முதல் பால் கெட்டியாக, செரிக்காததாக இருக்கும், கொஞ்ச நாள் தவிர்க்கலாம் என்பது அவர் கட்சி. சீம்பாலைப் பீய்ச்சிக் கீழே ஊற்றச் சொன்ன நம்ம பாட்டிமார்களும் இவரும் உட்கார்ந்து பேசியிருந்தால் சண்டையே வந்திருக்காது.

ஐரோப்பாவில் இந்தப் பழக்கம் ஆயிரத்தைந்நூறு வருஷம் ஓடியது. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பிறந்த குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கு முன்னால் பாதாம் எண்ணெய், சர்க்கரைப் பாகு, வெண்ணெய் என்று எதையாவது ஊட்டிப் 'பேதி' பண்ணிவிட்டுத்தான் மறுவேலை. இதை நேருக்கு நேர் எதிர்த்தவர்களில் முக்கியமானவர் வில்லியம் கடோகன் என்ற மருத்துவர். லண்டனில் கைவிடப்பட்ட குழந்தைகளுக்காக 1739இல் ஒரு இல்லம் தொடங்கியிருந்தார்கள். அதன் நிர்வாகிகளுக்கு எழுதிய கடிதத்தை 1748இல் சிறு நூலாக வெளியிட்டார் கடோகன். அதில் அவர் சொன்னது ரொம்ப எளிமையான விஷயம். குழந்தையின் வயிற்றைச் சுத்தம் செய்கிற பேதி மருந்தைத் தாயின் முதல் பாலிலேயே இயற்கை வைத்திருக்கிறது, நீங்கள் தனியாக ஒன்றும் கொடுக்க வேண்டாம்.

அவர் சொன்னது சரிதான். சீம்பாலுக்கு மலமிளக்கும் தன்மை உண்டு, காட்டுப்பீ வெளியேற அது உதவுகிறது என்பது இன்றைய பாடப்புத்தகச் செய்தி. ஆனால் கடோகனைப் படிக்கும்போது ஒரு எரிச்சலும் வருகிறது. குழந்தை வளர்ப்பு என்பது இத்தனை காலம் பெண்கள் கையில் மாட்டிக்கொண்டிருந்தது, இப்போதாவது விவரமுள்ள ஆண்கள் கைக்கு வந்ததே என்று முதல் பக்கத்திலேயே சந்தோஷப்படுகிறார் மனுஷன். பேதி கொடுக்கச் சொன்ன சொரானஸ் வகையறாக்களும் ஆண்கள்தானே ஐயா?

தேனுக்கு இன்னொரு கதை இருக்கிறது. 1976இல் கலிபோர்னியாவில் கைக்குழந்தைகளுக்கு வரும் ஒரு விசித்திரமான நோயை அடையாளம் கண்டார்கள். குழந்தை முதலில் மலச்சிக்கலில் தொடங்கும். பிறகு அழுகை மெலியும், பால் உறிஞ்சும் பலம் குறையும், கழுத்து நிற்காது. காரணம் பொட்டுலிசத்தை உண்டாக்கும் கிருமியின் வித்துகள். பெரியவர்கள் குடலில் அவை முளைக்காது, ஒரு வயதுக்குள் இருக்கிற குழந்தையின் குடலில் முளைத்து விஷம் சுரக்கும். வித்துகள் வந்த வழிகளில் ஒன்று தேன். மலச்சிக்கலுக்கு மருந்து என்று தலைமுறை தலைமுறையாக நாக்கில் தடவியதே, அபூர்வமாக என்றாலும், மலச்சிக்கலில் தொடங்கும் நோயைக் கொண்டுவந்திருக்கிறது. ஒரு வயது முடியும்வரை தேன் கூடாது என்று டாக்டர்கள் கறாராகச் சொல்வது இதனால்தான்.

சரி, விளக்கெண்ணெய்க்கு வருவோம். பெயரே சொல்கிறது, விளக்கு எரிக்கிற எண்ணெய். ஆமணக்கு ஆப்பிரிக்காவின் கிழக்குப் பகுதியிலிருந்து பரவிய செடி. கி.மு. 1550 வாக்கில் எழுதப்பட்ட எகிப்தின் ஈபர்ஸ் பாப்பிரஸில் ஆமணக்கை வயிற்றுக்குக் கொடுக்கும் முறை இருக்கிறது. இங்கிலாந்துக்கு அது மருந்தாகப் போய்ச் சேர்ந்தது ரொம்பத் தாமதம். மேற்கிந்தியத் தீவுகளில் வைத்தியம் பார்த்துவிட்டு ஊர் திரும்பிய கான்வேன் என்பவர் 1760களில் அதைப் பற்றி ஒரு நூல் எழுதிய பிறகுதான் அங்கே பிரபலமானது. அந்தத் தீவுகளில் அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தவர்கள் யார், அவர்கள் எந்தக் கண்டத்திலிருந்து கப்பலில் அடைத்துக் கொண்டுவரப்பட்டவர்கள் என்று யோசித்தால் அந்த எண்ணெய் எந்த வழியாகப் போனது என்பது புரியும்.

ஆமணக்கு விதையில் ரிசின் என்ற கொடிய விஷம் இருக்கிறது. ஆனால் ரிசின் எண்ணெயில் கரையாது, சூட்டில் செயலிழந்துவிடும். என் ஆச்சி வீட்டில் ஆமணக்கு முத்தை வறுத்து, இடித்து, பெரிய பானையில் தண்ணீரோடு கொதிக்கவிட்டு, மேலே மிதக்கும் எண்ணெயை அகப்பையால் வழித்து எடுப்பார்களாம். அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தக் கொதிதான் விஷத்தை முறித்தது. ரிசின் என்ற பெயரையே கேள்விப்படாத ஆட்கள் கண்டுபிடித்த புரோட்டோகால் அது.

எண்ணெய் எப்படி வேலை செய்கிறது என்பது மட்டும் சமீபம்வரை சரியாகத் தெரியாது. குடலில் அது உடைந்து ரிசினோலிக் அமிலம் என்ற கொழுப்பமிலம் வெளிவருகிறது, அது குடலை எரிச்சல்படுத்துகிறது என்று பொதுவாகச் சொல்லிவந்தார்கள். 2012இல்தான் ஜெர்மனியில் ஒரு குழு, அந்த அமிலம் போய் ஒட்டும் குறிப்பிட்ட ஏற்பியைக் கண்டுபிடித்தது. இபி3 என்று பெயர். குடல் தசையில் இருக்கும் அந்த ஏற்பி தூண்டப்பட்டால் குடல் சுருங்கித் தள்ளும். அதே ஏற்பி கருப்பைத் தசையிலும் உண்டு. பிரசவ வலி வராதபோது விளக்கெண்ணெய் கொடுக்கிற பழைய பழக்கத்துக்கு விளக்கமும் இதிலேயே கிடைத்துவிட்டது. குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் ஒரே புட்டி. அந்த ஏற்பியை எலியில் நீக்கிவிட்டுக் கொடுத்தபோது எண்ணெய் ஒன்றும் செய்யவில்லை. இப்படி ஒரு சுத்தமான டெஸ்ட் கேஸ் பார்த்து நாளாச்சு.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. விளக்கெண்ணெய் 'இளக்கி' இல்லை. குடலைப் பிடித்து உலுக்குகிற சாமான். எங்கள் தலைமுறையே லீவு நாளில் மூக்கைப் பிடித்துக்கொண்டு அதைக் குடித்துவிட்டு அன்று முழுக்கத் தோட்டத்துக்கும் வீட்டுக்குமாக நடந்தவர்கள். பத்து வயசுப் பையனுக்கு அது ஒரு நாள் அவஸ்தை. இரண்டு மாசக் குழந்தைக்கு அது உடம்பிலுள்ள தண்ணீர்க் கணக்கையே மாற்றிவிடும்.

வெற்றிலைக் காம்பு வேறு வகை. காம்பு நுனியை விளக்கெண்ணெயில் தோய்த்து ஆசனவாயில் லேசாக வைத்தால் குழந்தை முக்கிப் போய்விடும். இதில் எண்ணெய்க்கு வேலையே இல்லை, வழுக்குவதற்கு மட்டும்தான். தொடு உணர்ச்சியால் குடல் தூண்டப்படுகிறது. இங்கிலாந்திலும் ஐரோப்பாவிலும் சோப்பைச் சின்னதாகச் சீவிக் கூராக்கி இதையே செய்திருக்கிறார்கள். இன்றைக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் கிளிசரின் குச்சி இந்தக் காம்பின் ஒன்றுவிட்ட தம்பி. கிளிசரினைக் கண்டுபிடித்தது 1779இல் ஸ்வீடனின் ஷீலே. ஆலிவ் எண்ணெயை ஈய ஆக்சைடோடு சூடாக்கும்போது கிடைத்த இனிப்பான பாகு அது. சுவைத்துப் பார்த்திருக்கிறார், தைரியசாலி. டாக்டர்கள் இன்று காம்பு, சோப்பு இரண்டையுமே வேண்டாம் என்கிறார்கள். மெல்லிய தோல், கீறினால் புண்ணாகும், சோப்பு எரிக்கும். குச்சியையும் அவர்கள் சொன்னால்தான் வைக்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது உரை மருந்து. சுக்கு, வசம்பு, கடுக்காய், ஜாதிக்காய், மாசிக்காய். தலைக்குக் குளிப்பாட்டின நாளில் உரைகல்லில் தாய்ப்பால் விட்டு ஒவ்வொன்றையும் இத்தனை இழை என்று உரைத்து, வழித்து, நாக்கில் தடவுவது. இந்தப் பட்டியலை ஒரு பேப்பரில் எழுதிவைத்துப் பக்கத்தில் ஒவ்வொன்றும் என்ன செய்யும் என்று குறித்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. கடுக்காய் மலத்தை இளக்கும். மாசிக்காய் துவர்ப்பு, அது மலத்தைக் கட்டும். இரண்டும் ஒரே கல்லில்! முதலில் முட்டாள்தனமாகத் தெரிந்தது. பிறகு அம்மாவிடம் கேட்டேன். "எல்லாத்தையும் ஒரே அளவா உரைப்பாங்களா? புள்ள எப்படிப் போகுதுன்னு பாத்து ஒண்ணக் கூட்டி ஒண்ணக் குறைப்பாங்க" என்றாள். அளவைத் தீர்மானிப்பது முந்தின நாள் துணியில் பார்த்தது. ஃபீட்பேக் லூப்.

அதைவிட ஆச்சரியம் சாமான்கள் வந்த ஊர். மாசிக்காய் என்பது காயே இல்லை. ஒருவகைக் குளவி ஓக் மரக் கிளையில் முட்டையிடும்போது மரம் அதைச் சுற்றி வளர்க்கும் கட்டி. அந்த மரம் தமிழ்நாட்டில் கிடையாது. சிரியா, துருக்கிப் பக்கத்துச் சரக்கு. அலெப்போ நகரத்தின் பெயரிலேயே ஐரோப்பியர்கள் அதை அழைத்தார்கள், எழுத்து மை தயாரிக்க வாங்கினார்கள். ஜாதிக்காய் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை இந்தோனேசியாவின் பாண்டா தீவுகளில் மட்டுமே விளைந்தது. டச்சுக்காரர்கள் 1621இல் அந்தத் தீவு மக்களைக் கொன்றும் விரட்டியும் கைப்பற்றிய அதே ஜாதிக்காய். தாமிரபரணிக் கரையில் ஒரு கிழவி குழந்தை நாக்கில் தடவியதில் சிரியாவும் பாண்டாவும் சேர்ந்து இருந்தன. 'நம்ம மண்ணின் மருந்து' என்று ஃபார்வர்ட் வரும்போதெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

வசம்பை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். பிள்ளை வளர்ப்பான் என்று செல்லப்பெயர். இரவில் பெயர் சொல்லக்கூடாது என்பதால் பேர்சொல்லாதது என்றும் சொல்வார்கள். அதில் உள்ள பீட்டா அசரோன் எலிகளில் கட்டிகளை உண்டாக்கியதால் அமெரிக்கா 1968இல் உணவில் வசம்பைத் தடைசெய்தது. கையில் வளையலாகக் கட்டுவதோடு விட்டுவிடலாம் என்பது என் கட்சி. அம்மா ஒப்புக்கொள்ளவில்லை.

கடைச் சரக்கு ஒன்றும் யோக்கியம் இல்லை. 1851இல் நாட்டிங்காமில் வில்லியம் உட்வர்ட் என்ற மருந்துக்கடைக்காரர் செய்த கிரைப் வாட்டரில் சோயிக்கீரை விதை எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரை, கூடவே 3.6 சதவீதம் ஆல்கஹால். பல தலைமுறைப் பிள்ளைகள் ஏன் அவ்வளவு அமைதியாகத் தூங்கின என்பதற்கு விடை அந்தக் கடைசி ஐட்டத்தில் இருக்கலாம். பிரிட்டனில் ஆல்கஹாலை எடுத்தது 1990களில்தான்.

ஆனால் இதெல்லாம் சும்மா. மோசமானது கேலோமெல். பாதரசமும் குளோரினும் சேர்ந்த வெள்ளைப் பொடி, அந்தக் காலத்து ராஜ பேதி மருந்து. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் பல் முளைக்கும் குழந்தைகளுக்கான பொடி என்று பொட்டலம் போட்டு விற்றார்கள். பல் முளைக்கும்போது வயிறு கட்டினால் ஆபத்து என்று ஒரு நம்பிக்கை. அதே காலத்தில் ஒரு புது நோய் வந்தது. குழந்தையின் கையும் காலும் இளஞ்சிவப்பாகும், தோல் உரியும், வெளிச்சம் பட்டால் முகத்தைப் புதைத்துக்கொள்ளும், ஓயாமல் அழும். பிங்க் டிசீஸ் என்று பெயர் வைத்தார்கள். நூற்றுக்கணக்கான குழந்தைகள் இறந்தன. வைரஸ் என்றார்கள், சத்துக்குறைவு என்றார்கள். 1948இல் சின்சினாட்டியைச் சேர்ந்த வார்கனி, ஹப்பர்ட் என்ற இரண்டு மருத்துவர்கள் அந்தக் குழந்தைகளின் சிறுநீரில் பாதரசம் இருப்பதைக் காட்டினார்கள். உடனே நம்பவில்லை யாரும். 1954 வாக்கில் பிரிட்டனில் கம்பெனிகள் பொடியிலிருந்து கேலோமெலை எடுத்தன. கொஞ்ச வருஷத்தில் நோயே காணாமல் போனது. தாய்மார்கள் யாரும் கெடுதல் நினைத்துக் கொடுக்கவில்லை. குழந்தை அழுதது, பொட்டலம் கையில் இருந்தது, கொடுத்தார்கள்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. எந்தக் கை வைத்தியமும் கேட்காத மலச்சிக்கல். 1886இல் பெர்லினில் நடந்த குழந்தை மருத்துவர்கள் கூட்டத்தில் கோபன்ஹேகனின் ஹிர்ஷ்ஸ்ப்ரங் இரண்டு குழந்தைகளைப் பற்றிப் பேசினார். பிறந்ததிலிருந்து மலம் போகாமல் வயிறு ஊதி இறந்த குழந்தைகள். பெருங்குடலின் கடைசிப் பகுதியில் நரம்பணுக்களே இல்லாததுதான் காரணம் என்பது தெளிவாகி, அந்தப் பகுதியை வெட்டி எடுக்கும் அறுவை சிகிச்சை வந்தது 1948இல். சுமாராக 5000 குழந்தைகளில் ஒன்றுக்கு இது வரும். முதல் 48 மணி நேரத்தில் காட்டுப்பீ போகாத குழந்தை, வயிறு உப்பின குழந்தை, பச்சையாக வாந்தி எடுக்கிற குழந்தை, மலத்தில் ரத்தம் வருகிற குழந்தை இவர்களுக்கு உரைகல்லைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. அன்றே ஆஸ்பத்திரி. நம்ம ஊரில் 'மாந்தம்' என்ற ஒரே சொல்லுக்குள் செரியாமையும் இந்த நோயும் இன்னும் என்னென்னவோவும் சேர்ந்து புதைந்திருக்கும்.

இப்போது நான் கடைசியில் சொல்கிறேன் என்றது.

ஆச்சிக்கு அம்மாவுக்கு முன்னால் ஒரு ஆண் குழந்தை. 1950. மூன்று மாசத்தில் போய்விட்டது. ஆச்சி அதைப் பற்றிப் பேசியதே இல்லை. 2009இல் சாகும்வரை நான் இரண்டே தடவைதான் கேட்டிருக்கிறேன். இரண்டு தடவையும் ஒரே வார்த்தை, "எண்ணெ பொரையேறிட்டு." வயிறு போகவில்லை என்று பாலாடையில் விளக்கெண்ணெய் புகட்டியிருக்கிறார்கள். குழந்தை அழ அழ, கால்களில் போட்டு, வாயைத் திறக்கவைத்து. அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு வாரம் கழித்துச் சளி, இழுப்பு. வீட்டில் மூத்தவர்கள் மாந்தம் என்று சொல்லிவிட்டார்கள். ஆச்சி மட்டும் எண்ணெயைத்தான் சொன்னாள்.

இந்தக் கட்டுரைக்காகத் தேடும்போது 1973இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஒரு ஆய்வுக் கட்டுரை கிடைத்தது. தென்னிந்தியக் கைக்குழந்தைகளுக்கும் சிறுவர்களுக்கும் எண்ணெயால் வரும் நுரையீரல் அழற்சி பற்றியது. எண்ணெய்க்கு ஒரு குணம் உண்டு. தண்ணீர் மூச்சுக்குழாயில் போனால் உடனே இருமுவோம். எண்ணெய் பெரிதாக இருமலைத் தூண்டாமலே வழுக்கி உள்ளே போய்விடும். நுரையீரலால் அதைக் கரைக்க முடியாது. அங்கேயே தங்கி மெதுவாக அழற்சி உண்டாக்கும். படுக்கவைத்து, அழும்போது வலுக்கட்டாயமாகப் புகட்டினால் இது நடக்க வாய்ப்பு அதிகம். எண்ணெய்க் குளியலின்போது மூக்கில் சொட்டு விடுவதும் இதே வழிதான்.

எங்கள் வீட்டில் நடந்தது இதுதான் என்று எழுபத்தைந்து வருஷம் கழித்து ஒரு பிடிஎஃப்பை வைத்து என்னால் சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் குழந்தைகள் இறக்க நூறு காரணம் இருந்தது. ஆனால் ஆச்சியின் அந்த ஒரு வார்த்தையை வீட்டில் எல்லோரும் துக்கத்தில் உளறுவதாக எடுத்துக்கொண்டார்கள், நான் உட்பட.

அம்மாவிடம் சொல்லலாமா வேண்டாமா என்று ரெண்டு நாள் யோசித்தேன். சொன்னேன். பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். "புகட்டினது யாருன்னு தெரியுமா உனக்கு?" என்றாள். தெரியாது என்றேன். "அவதான். ஆச்சிதான். மாமியா கையைப் பிடிச்சுக்கிட்டா, இவ ஊத்தினா."

பித்தளைப் பாலாடை இன்னும் அம்மாவின் பூஜை அலமாரியில் இருக்கிறது. தங்கை குழந்தைக்கு அதை எடுக்கவேயில்லை என்பதை அப்புறம்தான் கவனித்தேன். வெற்றிலைதான் வாங்கப் போனாள்.